வசதியான இடம்

என் காரிலிருந்த பாட்டுச் செட்டை என்னைக் கேட்காமல் கழற்றி எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் ஒரு டிவியைப் பதித்துவிட்டு, அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டும் என்று வாசலில் வரிசையாக நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா சுப்பையன் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். அம்மா சௌந்திரம் கையில் ஆரத்தித் தட்டு ஒன்றுதான் குறை. தங்கை நிலா போனைத் தூக்கிப் பிடித்து என் முகத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார் குணசீலன். எனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை. திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடும் ரிக் வண்டிகளை நாடு முழுக்க அனுப்புகிற குடும்பம். இரண்டு வீட்டாரும் கூடி வாக்குக் கொடுக்கிற உறுதி வார்த்தை இன்னும் நடக்கவில்லை. நடந்துவிட்ட மாதிரிதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நடந்துகொண்டார்கள்.

"உக்காந்து பாருங்க தனப்பிரியா. சர்ப்ரைஸ்."

உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். திரை பளிச்சென்று விடிந்தது. "குணா ரிக்ஸ் இணைக்கப்பட்டது" என்று ஒரு பெண் குரல் சொன்னது.

என் கார். என் சம்பளத்தில் நான் வாங்கிய பழைய கார். அவர் போனைக் கண்டதும் பல்லைக் காட்டியது.

"பழைய செட் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"அது எதுக்குங்க இனி? புளூடூத் இருக்குது, மேப் இருக்குது, பின்னாடி கேமரா இருக்குது. சிம்மும் போட்டுட்டேன். ஒயரு, பென்டிரைவுன்னு எதுக்குங்க கஷ்டம்?"

எதுக்குங்க கஷ்டம். இந்த மனிதரிடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா சாவி கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "தண்ணி சர்வீஸ் உட்டுட்டு வாரேன் சாமி" என்றார். என் காரைக் கழுவ அவர் ஒரு வாளித் தண்ணீர் தூக்கி நான் பார்த்ததில்லை. ஆனாலும் கொடுத்தேன். சர்வீஸ் கடையில் கூட்டம் என்றார், மறுநாளும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன்.

எனக்கு நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் வேலை. லேபில் இருக்கிறேன். வந்து நிற்கிற லாரியிலிருந்து மக்காச்சோளத்தை எடுத்து ஈரம் பார்ப்பேன், பூஞ்சை பார்ப்பேன். சரியில்லை என்றால் லோடைத் திருப்பி அனுப்புவேன். டிரைவர்கள் திட்டுவார்கள். மேனேஜர், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்பார். நான் அனுசரிப்பதில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை வாங்கியது அனுசரிப்பதற்காக அல்ல.

அந்த டிகிரிக்காகச் சேலம் போய் வந்த பஸ்ஸில்தான் நான் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரிலிருந்து இளம்பிள்ளை வழியாகப் போகிற தனியார் பஸ். அதன் முதலாளி எஞ்சினைப் பார்த்தாரோ இல்லையோ, பாட்டுச் செட்டைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத கவர்மென்ட் பஸ் முன்னால் வந்து நின்றாலும் ஏறாமல், இதற்காகக் காத்திருந்து டிக்கெட் எடுப்போம். ஒரு நாள் கூட்டத்தில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே நிற்க வேண்டி வந்தது. சின்ன வயதிலிருந்து கேட்கிற பாட்டுதான். பாடுகிறவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஒரு சலங்கையைத் தொட்டுத் தொட்டு விடுகிறார். குலுக்கவில்லை, சும்மா தொடுகிறார். எங்கள் வீட்டு டிவியில் அந்த ஆள் இல்லை. போனில் இல்லை. கோயில் மைக்கில் இல்லவே இல்லை. பாட்டு முழுக்க ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார், இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாமலே போயிருக்கிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

வேலைக்குப் போய்க் கார் வாங்கியதும் அந்தச் சலங்கை கேட்கிற மாதிரி ஒரு செட் வைத்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் கார் எலக்ட்ரீஷியன் அருணகிரியண்ணன் கடையில் விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்திருந்தேன். பழைய காரிலிருந்து கழற்றிய நல்ல செட் ஒன்று. அதற்குத் தோதான ஸ்பீக்கர்கள். கதவு அதிராமல் இருக்க உள்ளே ஷீட் ஒட்டியது நானே. அந்தச் செட்டில் புளூடூத் கிடையாது. பென்டிரைவ் செருக வேண்டும், இல்லையென்றால் ஒயர் மாட்ட வேண்டும். பாட்டையும் சுருக்கி நசுக்காமல் சிடியில் இருந்தபடி முழுசாக ஏற்றி வைத்திருந்தேன். "உன்ற கார்ல ஒரு பாட்டுப் போடறதுக்குள்ள போற ஊரே வந்துருது" என்பாள் நிலா. வரட்டும். மில்லுக்குப் போகிற நேரமும் வருகிற நேரமும் என்னுடையது. போன் அடித்தால் அடித்துக்கொண்டு கிடக்கும். பாட்டு நடுவில் நிற்காது.

குணசீலன் அந்தச் செட்டைக் கேட்டிருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று, வீட்டில் ஜனம் நிறைந்து கிடந்ததால், "சித்த நேரம் அணைக்கட்டுப் பக்கம் போயிட்டுப் பேசிட்டு வாங்க" என்று பெரியவர்கள் ஜேடர்பாளையத்துக்கு அனுப்பினார்கள். அவருடைய பெரிய காருக்குப் பின்னால் இரண்டு வேன் நின்றதால் என் காரில் போனோம். துணைக்குப் பின்சீட்டில் நிலா. ஏறியதும் அவர் போனை எடுத்து என்னவோ தேடினார்.

"புளூடூத் பேர் என்னங்க?"

"இல்லீங்க. ஒயர் இருக்குது."

"ஒயரா?" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. ஊட்டில் இன்னும் விறகடுப்பா என்று கேட்பது மாதிரி.

நான் அந்தப் பாட்டைப் போட்டேன். "பின்னாடி ஒரு சலங்கை கேக்கும், பாருங்க" என்றேன். ஜாதகத்தில் இல்லாத ஒன்றை முதன்முதலாக ஒரு ஆணிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "நல்லா இருக்குதுங்க" என்றார். சலங்கை வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அப்புறம் அவருக்கு போன் வந்தது. காவிரி வரும் வரைக்கும் குழாய் லோடைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

"நல்ல பையன்" என்றாள் அம்மா அன்று ராத்திரி. "வசதியான எடம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

வசதியான எடம். எங்கள் பக்கம் வரனுக்குச் சொல்கிற முதல் தகுதியும் கடைசித் தகுதியும் அதுதான். வேண்டாம் என்று சொல்வதற்கும் அதே வார்த்தைதான். போன வருஷம் ஒரு வீட்டில் பேசிவிட்டு, பெண் வேலையை விடமாட்டேன் என்கிறாள் என்று தெரிந்ததும் சொல்லியனுப்பினார்கள்: "எங்களுக்கு வசதிப்படலீங்க." பெண்ணைப் பிடிக்கவில்லை என்றாலும் வசதிப்படலை. சீர் போதாது என்றாலும் வசதிப்படலை. முகத்துக்கு நேரே சொல்லாமல் முறித்துக்கொள்ள அவ்வளவு வசதியான வார்த்தை. அன்றைக்கு அம்மா அழுதாள். அதனால்தான் இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"பேசுனாலே கேக்குமுங்களா?" என்று அப்பா இப்போது திரைக்கு முன்னால் குனிந்தார்.

"கேக்கும் மாமா. பட்டன்கூட அமுத்த வேண்டாம். எங்க போவோணும்னு சொல்லுங்க."

அப்பா மைக் பிடித்தவர் மாதிரி தொண்டையைச் செருமினார். "ஊட்டுக்குப் போவோணும்."

"ஊட்டிக்கான வழியைக் காட்டுகிறேன்" என்றது அந்தக் குரல். திரையில் நீலக்கோடு ஈரோட்டைத் தாண்டி மேற்கே ஓடியது.

"பாத்தியாக்கா," என்றாள் நிலா, "உறுதி வார்த்தைகூட ஆவுல, அதுக்குள்ள ஹனிமூனுக்கு வழி சொல்லுது."

எல்லாரும் சிரித்தார்கள். குணசீலன் காது சிவக்கச் சிரித்தார். அம்மா வீட்டுக்குள் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் திரையில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டேன். சத்தம் கும்மென்று வந்தது. அடிவயிறு அதிர்ந்தது. பாடுகிறவர் என் மடியில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. பின்னால் சலங்கை இல்லை. இன்னொரு முறை போட்டேன். இல்லை.

"செம எபெக்ட் இல்லீங்களா?" என்றார்.

"பழைய செட் எங்கீங்க?"

இப்போது எல்லாரும் சிரிப்பதை நிறுத்தினார்கள். "இதென்ன கேள்வி" என்றாள் அம்மா.

"ரிக்கு வண்டிக்குக் குடுத்துட்டேனுங்க. டிரைவர் சின்னுசாமி ரொம்ப நாளா ஒரு செட்டு கேட்டுட்டே இருந்தாரு. இன்னைக்கு வண்டி வடக்க கெளம்புது. சத்தீஸ்கர்."

"எப்பக் கெளம்புது?"

"பூசை போட்டுட்டு மத்தியானமா."

"ஏறுங்க. போலாம்" என்றேன்.

"ஏஞ்சாமி, மாப்ள ஆசையா வாங்கிப் போட்டிருக்கறாரு..." என்று அப்பா ஆரம்பித்தார். நான் கதவைச் சாத்தினேன். எப்படியும் அவரை நாங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். என் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர் திரும்பிப் போகக் கார் இல்லை. அவர் முன்னால் உட்கார்ந்தார். நிலா சொல்லாமலே பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாட்டுக்கு நடுநடுவே அந்தக் குரல் ஊட்டிக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தது. திருச்செங்கோட்டு மலை கண்ணில் பட்டபோது போன் அடித்தது. திரை முழுக்க 'அம்மா' என்று எழுந்தது. அவருடைய அம்மா. அவர் ஒரு விரலால் தொட்டார். காரின் நாலு கதவும் சேர்ந்து பேசின.

"ஏன்டா, அந்தப் புள்ளைக்கு செட்டு புடிச்சுதா?"

"புடிச்சுதும்மா" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

"சந்தோசம். மில்லு வேலையப் பத்திப் பேசுனியா? அந்தத் தூசியில போயி எதுக்கு நிக்கோணும்? நம்ம ஊட்ல என்ன கொறை? கல்யாணத்து மாசத்தோட நிறுத்திக்கச் சொல்லு."

"நிறுத்திக்கலாம்மா. நான் சொல்லிக்கறேன்."

போன் நின்றது. விட்ட இடத்திலிருந்து பாட்டு கும்மென்று தொடர்ந்தது. அவர் முகத்தில் திருட்டு முழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதில் அவருக்குச் சங்கடமே இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது. மறைத்துப் பேசியிருந்தால்கூட, என்னை ஒரு ஆளாக நினைத்துப் பயந்திருக்கிறார் என்று ஆறுதல் இருந்திருக்கும்.

"வேலைய நிறுத்தறதும் சர்ப்ரைஸுங்களா?" என்று கேட்டேன்.

"அட, அதில்லீங்க. நீங்க லாரிக்காரங்ககிட்டத் திட்டு வாங்கிட்டு எதுக்குங்க கஷ்டப்படணும்? நமக்கு வசதி இருக்குதில்லீங்க."

"நான் கஷ்டம்னு உங்ககிட்ட எப்பங்க சொன்னேன்?"

யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "சொல்லலீங்க" என்றார். "சொல்லாமலே புரிஞ்சுக்கறதுதானுங்க..."

கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினேன்.

அவர்கள் யார்டில் ரிக் வண்டி தயாராக நின்றது. முன்கண்ணாடியில் சந்தனம், பம்பரில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சின்னுசாமி கேபினிலிருந்து குதித்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். துண்டை இடுப்பில் கட்டினார்.

"வாங்க அம்மிணி. உங்க செட்டுங்களா இது? பாட்டு தேனாட்டம் ஊத்துதுங்க."

கேபினில் ஏறிப் பார்த்தேன். என் செட்தான். கழற்றுகிறவன் கழற்றிய லட்சணம், பின்னால் ஒயரையெல்லாம் இழுத்து வெட்டியிருந்தான். பிளக்கைப் பிடுங்கினால் வந்துவிடும் ஒன்றை வெட்டி எடுத்திருக்கிறான். மறுபடி டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தது. என் பென்டிரைவ் அதிலேயே செருகியிருந்தது.

"போடுங்க" என்றேன்.

போட்டார். தலைக்கு மேல் வண்டியோடு வந்த ரெண்டு ஸ்பீக்கர் கரகரத்தன. பாடுகிறவர் சளி பிடித்தவர் மாதிரி பாடினார். சலங்கை இல்லை.

"ஸ்பீக்கரெல்லாம் எங்கீங்க? கதவுல இருந்தது?" கீழே நின்ற குணசீலனைக் கேட்டேன்.

"அத கடைக்காரனே எடுத்துக்கிட்டானுங்க. பழைய சாமான்தானேன்னு... கதவுக்குள்ள என்னமோ தார் மாதிரி ஒட்டிக் கெடந்துதாமா. அதையும் சுரண்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டான். நல்ல ஆளுங்க."

சுரண்டிச் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டான். நான் இரண்டு கையிலும் பிசுபிசுப்போடு ஒட்டியது.

சின்னுசாமிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "வேணும்னா கழட்டிக் குடுத்தறனுங்க அம்மிணி" என்றார். குரலில் ஆசை அப்படியே இருந்தது. சத்தீஸ்கர் போய்ச் சேரும் வரைக்கும் அவருக்கு அதுதான் துணை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. இங்கே கோபப்படுவதற்கென்று ஒரு கெட்டவன்கூட இல்லை. எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள்.

"நீங்களே வெச்சுக்குங்க" என்று பென்டிரைவை மட்டும் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

"டீ சாப்புட்டுப் போலாமுங்க" என்றார் குணசீலன். வேண்டாம் என்று காரில் ஏறினேன். சாவியைத் திருகினேன். அவர் ஐந்தாறு அடி தள்ளி, பூசைக்காரரிடம் என்னவோ கேட்டுக்கொண்டு நின்றார். குணா ரிக்ஸ் இணைக்கப்பட்டது. அடுத்த நிமிஷம் போன் அடித்தது. அடித்தது அவர் சட்டைப் பையில். எழுந்தது என் காரில். திரையில் 'மாமா'.

எங்கள் அப்பா. பெற்ற மகளுக்குப் போடாமல் மாப்பிள்ளைக்குப் போட்டிருக்கிறார்.

அவர் பையைத் தடவி எடுப்பதற்குள் நான் பச்சைப் பட்டனைத் தொட்டேன்.

"மாப்ளைங்களா," என்றது அப்பாவின் குரல் நாலு கதவிலிருந்தும், "புள்ள கோவிச்சுக்கிட்டான்னு மனசுல வெச்சுக்காதீங்க. சின்னப் புள்ளதானே. இங்க பெரியவங்கெல்லாம் பேசிட்டிருக்கறோம். உறுதி வார்த்தைக்கு வார வெள்ளிக்கெழம நல்ல நாளுங்களாமா. உங்களுக்கு வசதிப்படுமான்னு கேக்கலாமுன்னு..."

யார்டு முழுக்க அது கேட்டது. பூசைக்காரர் கற்பூரத்தட்டோடு திரும்பிப் பார்த்தார். குணசீலன் போனைக் காதில் வைத்து, "மாமா, மாமா" என்றார். அவர் பேசியது அப்பாவுக்குக் கேட்கவில்லை. மைக் என் காரில் இருந்தது.

"எனக்கு வசதிப்படாதுங்கப்பா" என்றேன்.

"தனமா? வெள்ளிக்கெழம மில்லுல லீவு தர மாட்டாங்களா சாமி? அதுக்கென்ன, ஞாயித்துக்கெழம வெச்சுக்கலாம்."

"ஞாயித்துக்கெழமையும் வசதிப்படாது. எந்தக் கெழமையும் வசதிப்படாதுங்கப்பா."

இந்த முறை அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வார்த்தையை வாங்கியே பழகியவர். சொந்த மகள் அதைத் திருப்பிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

குணசீலன் ஜன்னலுக்கு வந்தார். போன் இன்னும் காதில் இருந்தது. "என்னங்க இது? ஒரு பாட்டுச் செட்டுக்காகவா?"

"ஆமாங்க" என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லப் போகிறார்கள். நானே சொல்லிவிட்டால் அவர்களுக்குக் கஷ்டம் இருக்காது.

"புடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பழசையே வெச்சிருப்பேனே."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். வெயிலில் நெற்றி வியர்த்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டுக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது.

"நாளைக்கு ஆள் அனுப்பி இந்த டிவியக் கழட்டிக்குங்க" என்றேன்.

"கழட்டிட்டா அங்க ஒன்னுமே இருக்காதேங்க. ஓட்டையாத் தெரியும்."

"பரவால்லீங்க. ஓட்டையோட ஓட்டிக்கறேன்."

காரை எடுத்தேன். யார்டு கேட்டைத் தாண்டும்போது, "ஏஞ்சாமி, ஊரு என்ன சொல்..." என்று வந்த அப்பாவின் குரல் விட்டு விட்டு, இழுத்து, தெறித்து, நின்றது. குணா ரிக்ஸ் துண்டிக்கப்பட்டது என்றாள் அந்தப் பெண், வருத்தமே இல்லாமல்.

மெயின் ரோட்டில் ஏறிய பிறகு பென்டிரைவைச் செருகிப் பார்த்தேன். முழுசாக ஏற்றிய பாட்டு. கும்மென்று வந்தது. சலங்கைக்காரர் வரவில்லை. கதவைச் சுரண்டியாயிற்று, ஸ்பீக்கர் போயாயிற்று, அவர் எங்கே உட்காருவார்? அணைத்தேன். அருணகிரியண்ணனிடம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அம்மா அழுதுகொண்டிருப்பாள். இந்த முறை என்னால்.

பின்னால் நிலாவின் போன் அடித்தது.

"அப்பாதான்க்கா. ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

"வேண்டாம். காதுல வெச்சுப் பேசு."

பேசினாள். ம், ம் என்றாள். போனைக் கையால் மூடிக்கொண்டு, "ரொம்பக் கோவமா இருக்கறாரு. எங்க போறீங்க, நேரா ஊட்டுக்குத்தானே வாரீங்கன்னு கேக்கறாரு" என்றாள்.

"ஆமா, ஊட்டுக்குத்தான்னு சொல்லு" என்றேன்.

"ஊட்டிக்கான வழியைக் காட்டுகிறேன்" என்றது திரை.

அதன் வாயை எப்படி மூடுவதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடு வரைக்கும் அது என்னைத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தது.